ஏறுகின்றவருக்கு வழிவிடுங்கள்

மலைமீது செல்லும் ஓர் ஒற்றையடிப் பாதை. மேலிருந்து ஒருவர் மிதிவண்டியில் இறங்கி வருகின்றார். கீழிருந்து இன்னொருவர் மூச்சு வாங்க மிதித்து ஏறுகின்றார். இருவரும் ஒரு திருப்பத்தில் எதிரெதிரே சந்திக்கின்றனர். இருவரும் ஒருங்கே கடந்து செல்லப் பாதையில் இடமில்லை. யார் ஒதுங்க வேண்டும்? நம் சாலைகளில் பழகிய கண்களுக்கு விடை எளிது. பெரியதற்கும் வேகமாக வருவதற்குமே வழி. லாரிக்குக் கார் ஒதுங்கும். காருக்கு மிதிவண்டி ஒதுங்கும். மிதிவண்டிக்கு, தலையில் சுமையோடு நடந்து செல்லும் மூதாட்டி ஒதுங்குவார். ஆனால் மலையில் மிதிவண்டி ஓட்டுகின்றவர்களிடையே வழங்கும் சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றது. சக்கரம் காலுக்கு வழிவிட வேண்டும். சக்கரமும் காலும் குதிரைக்கு வழிவிட வேண்டும். சக்கரமும் சக்கரமும் எதிர்ப்பட்டால், இறங்குகின்றவர் ஏறுகின்றவருக்கு வழிவிட வேண்டும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், ஒரு பங்கில் மூன்றாண்டுகள் துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய காலத்தில் இச்சட்டத்தை முதன்முதலாகக் கேள்வியுற்றேன். கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் கண்ணில் படுவது டமல்பையஸ் மலை. உயரம் சுமார் 2,570 அடி. நம் கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சிறு குன்றுதான். எனினும் கடலோரத்திலிருந்து நேரே எழுந்து நிற்பதால் அதற்கென ஒரு கம்பீரம் உண்டு. பெயரின் முற்பகுதி நம் மொழியின் பெயரை நினைவூட்டினாலும் அதற்கும் நமக்கும் உறவு ஏதுமில்லை. அம்மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் மொழியில் ‘மேற்கு மலை’ என்று அதற்குப் பொருள் கூறுவர். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறண்ட வெயில், கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி, தெற்குச் சரிவில் வானளாவ நிற்கும் ரெட்வுட் மரக்காடு. இவையே அம்மலையின் இயல்பு.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் காப்பி அருந்தியவாறு மக்கள் உரையாடிக் கொண்டிருப்பது அங்கு வழக்கம். அப்படியொரு காலையில், ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முழங்கையில் புதிய சிராய்ப்பு. “எங்கே விழுந்தீர்கள்?” என்று வினவினேன். “மலையில், ஃபாதர், சைக்கிளிலிருந்து” என்றார், ஏதோ பரிசு வாங்கியவரைப் போன்ற முகத்துடன். ஒவ்வொரு வாரமும் பதினைந்து இருபது பேர் ஒன்றுகூடி மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதாகவும், அவர்களுள் செவிலியர், ஆசிரியர், கணினிப் பொறியாளர், உணவகத்துச் சமையல்காரர், பள்ளி மாணவர் எனப் பலரும் உண்டு என்றும் விவரித்தார். “எங்கே போவீர்கள்?” என்றேன். “எங்கும் இல்லை. ஏறுவோம், இறங்குவோம், வீட்டுக்கு வருவோம்” என்றார்.

‘எங்கும் இல்லை’ என்ற அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. குருப்பட்டம் பெற்ற புதிதில் எனக்கு ஆறு கிளைப் பங்குகள் இருந்தன. திருப்பலிக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, கண்மாய்க் கரையிலும் வண்டிப்பாதையிலும் மிதித்துச் சென்றே அவற்றைச் சந்தித்தேன். நம் நாட்டில் மிதிவண்டி என்பது பால்காரரின் பிழைப்பு, தபால்காரரின் கால், தொலைவில் உள்ள பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் நம்பிக்கை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்டு, அதனால் தம் வாழ்வில் ஒரு விடுதலையை உணர்ந்ததை நாம் அறிவோம். உழைப்புக்கும் விடுதலைக்கும் உரிய இக்கருவியை, சென்று சேர வேண்டிய இடம் எதுவுமின்றி மலைமீது ஓட்டுவோர் எதைத் தேடுகின்றனர்? இந்த வினாவோடுதான் நான் அவர்களோடு பழகத் தொடங்கினேன்.

மலை மிதிவண்டி ஓட்டம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆனால் அதன் தொட்டில்களுள் முதன்மையானது இந்த மரின் மாவட்டமே. 1970களில் இங்கிருந்த இளைஞர் சிலர், 1930, 1940களில் தயாரான பழைய ஷ்வின் மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கினர். அகன்ற டயர், தடித்த இரும்புச் சட்டம், எடையோ சுமார் 20 கிலோ. அவற்றைக் ‘கிளங்கர்’ என்று கேலியும் செல்லமுமாக அழைத்தனர். காட்டுத்தீயை அடக்கச் செல்லும் வண்டிகளுக்காக வெட்டப்பட்ட மண்சாலைகளில் அவற்றை மேலே கொண்டு சென்று, அங்கிருந்து கீழ்நோக்கி விரைவதே அவர்களின் களிப்பு. ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே இரண்டு மைல் அளவுக்குள் சுமார் 1,300 அடி இறங்கும் மண்சாலை ஒன்று உண்டு. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதற்போட்டி நடந்தது. சார்லி கெல்லி என்பவர் அப்போட்டிகளை ஒழுங்கு செய்தார்.

அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்த கதை சுவையானது. அப்பழைய வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். அத்தகைய சரிவில் ஒருமுறை இறங்கினால், உராய்வின் வெப்பத்தில் உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் உருகிப் புகையாகிவிடும். வீடு திரும்பியதும் ஹப்பைப் பிரித்து மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். ‘மறுபடி அடைத்தல்’ என்பதே அச்சாலையின் பெயராயிற்று. கேரி ஃபிஷர் என்பவர் அச்சரிவை 4 நிமிடம் 22 நொடிகளில் இறங்கிக் கடந்தார். ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே ஒரு புதிய வண்டியைத் தம் கையால் உருவாக்கினார். அது இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி செய்து தந்த சட்டங்களைக் கொண்டு, இத்தகைய வண்டிகளை விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவு உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. அந்த முதற்போட்டி நடந்து இருபதே ஆண்டுகள்!

ஆனால் நான் பழகிய குழுவினர் போட்டியாளர்கள் அல்லர். சனிக்கிழமை காலைகளில், தச்சரின் அழைப்பை ஏற்று, இரவல் வண்டி ஒன்றில் அவர்களோடு நானும் சென்றேன். அவர்கள் பெரிதும் விரும்பிச் செல்லும் இடம் சைனா கேம்ப் மாநிலப் பூங்கா. 1880களில் சீன நாட்டிலிருந்து வந்த மீனவர்கள் இறால் பிடித்து வாழ்ந்த கடலோரக் குடியிருப்பு அது. நடப்போரும் குதிரையில் வருவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் அங்குள்ள ஒற்றையடிப் பாதைகளைப் பகிர்ந்து கொள்கின்றனர். வண்டியின் அமைப்பே எனக்கு வியப்பளித்தது. முன்னே சிறு பற்சக்கரம், பின்னே பெரும் பற்சக்கரம் எனச் சங்கிலியை மாற்றிக்கொண்டால், மிதி ஒருமுறை சுழலும்போது சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். வேகத்தை விட்டுக்கொடுத்து ஏற்றத்தை வாங்கும் பண்டமாற்று அது. டயரிலோ காற்று மிகக் குறைவு. குறைந்த காற்றுள்ள டயர் கல்லையும் வேரையும் அணைத்துக்கொண்டு உருளும்; கூடுதல் காற்று அடைத்தால் துள்ளி விலகும்.

இறங்கும்போது அவர்கள் கற்றுத் தந்த பாடம் ஒன்று மறக்க முடியாதது. கண் எங்கே செல்கின்றதோ அங்கேயே வண்டி செல்லும். பாதையோரப் பள்ளத்தை அஞ்சி அதையே பார்த்துக் கொண்டிருந்தால், பள்ளத்தில்தான் போய் விழ நேரும். கடக்க வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். மிதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, உடலின் பாரத்தைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். விறைத்து நிற்பவர் விழுகின்றார். தளர்ந்து கொடுப்பவர் கடக்கின்றார்.

அவர்கள் கூடிச் செல்லும் முறையும் என் கவனத்தை ஈர்த்தது. வல்லவர் முன்னே விரைவார். ஆனால் பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்றுவிடுவார். குழுவின் கடைசியில் செல்வதற்கென்றே அனுபவம் மிக்க ஒருவர் நியமிக்கப்படுவார். அவர் வந்து சேரும்வரை எவரும் நகர்வதில்லை. இதில் ஒரு நுட்பத்தைத் தச்சர் எனக்குச் சுட்டிக் காட்டினார். முன்னே சென்றவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறிவிடுகின்றனர். கடைசியாக வருபவரோ மிகவும் களைத்து வருகின்றார். அவர் தலை தெரிந்ததுமே ‘சரி, புறப்படலாம்’ என்று எல்லாரும் கிளம்பிவிட்டால், ஓய்வு எவருக்கு மிகுதியாகத் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போகும். ஆகவே கடைசி ஆள் வந்து, நீர் அருந்தி, மூச்சு நிதானமடைந்த பிறகே புறப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். காத்திருப்பதிலும் நீதியுள்ள காத்திருப்பு, நீதியற்ற காத்திருப்பு என இருவகை உண்டு என்பதை இறையியல் வகுப்பில் எவரும் எனக்குக் கற்பித்ததில்லை.

விளையாட்டு வெறும் வீண்பொழுதா என்ற வினா திருச்சபைக்குப் புதிதன்று. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசால்லோ என்னும் குன்றில் உள்ள சிற்றாலயத்தின் அன்னையை, 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வாலயச் சுவர்களில் பழைய மிதிவண்டிகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. அதற்கும் நெடுங்காலம் முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ விளையாட்டில் நற்பண்பு உண்டா என்ற வினாவை எழுப்பி, உண்டு என்றே விடை தருகின்றார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவது போல உள்ளம் களைத்தாலும் ஓய்வு வேண்டும் என்பது அவர் வாதம். நாணேற்றிய வில்லைத் தளர்த்தாமலே வைத்திருந்தால் முறிந்துவிடும் என்று திருத்தூதர் யோவான் கூறியதாக வழங்கும் கதையையும் அவ்விடத்தில் எடுத்துரைக்கின்றார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மூன்று வரம்புகளையும் வகுக்கின்றார். விளையாட்டின் இன்பம் தீங்கு விளைவிக்கும் செயலில் அமையலாகாது. மனத்தின் சமநிலை முற்றிலும் குலைந்துவிடக் கூடாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தியிருக்க வேண்டும். மலை மிதிவண்டியின் ஐம்பதாண்டு வரலாற்றை இந்த மூன்று வரம்புகளைச் சுற்றியே எழுதிவிடலாம் என எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏனெனில் இவ்விளையாட்டு பிறந்த மலையிலேயே இதற்குக் கடும் எதிர்ப்பும் பிறந்தது. அமைதியை நாடி நடந்தவர்களின் எதிரே திடீரெனச் சக்கரங்கள் பாய்ந்து வந்தபோது அச்சமும் சினமும் மூண்டன. 1980களில் மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் என வேகவரம்பு வந்தது. மறைவான திருப்பங்களில் 5 மைல். வனக்காவலர் ரேடார் கருவியோடு காத்திருந்து அபராதம் விதித்தனர். மலையின் நீர்ப்பிடிப்பு நிலங்களைக் காக்கும் குடிநீர் வாரியம், ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டியை விலக்கி வைத்தது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தேசியக் காடுகளிலும், 1984இல் மிதிவண்டிக்குத் தடை என்பது விதிகளில் தெளிவாக எழுதப்பட்டது. பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைக் கண்ட கலிபோர்னியக் கழகங்கள் சில 1988இல் ஒன்றுகூடி அனைத்துலக அமைப்பு ஒன்றை நிறுவின. திறந்த பாதையில் மட்டுமே செல்க, தடம் பதிக்காமல் செல்க, வண்டியை அடக்கி ஓட்டுக, பிறருக்கு வழிவிடுக, விலங்குகளை வெருட்டாதிருக்க, முன்னேற்பாட்டோடு செல்க என்னும் ஆறு விதிகளை அது பரப்பியது. சச்சரவு இன்னும் முற்றிலும் ஓய்ந்தபாடில்லை. 2024இல் அக்குடிநீர் வாரியம் சில ஒற்றையடிப் பாதைகளைச் சோதனை முறையில் திறந்துவிடத் தீர்மானித்தபோது, இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின.

இந்தச் சச்சரவு எங்கள் பங்கு மண்டபத்துக்குள்ளும் வந்தது. எண்பது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர், கணவரை இழந்தபின், தினமும் காலையில் மலைப்பாதையில் நடந்து செபமாலை சொல்லும் வழக்கமுடையவர். ஒருநாள் திருப்பம் ஒன்றில் மிதிவண்டி ஒன்று அவரை உரசுவது போலக் கடந்தது. அவர் தடுமாறிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஓட்டியவர் நிற்கவுமில்லை, யாரென்று தெரியவுமில்லை. அன்றோடு அவர் மலைக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். “அடிபட்டிருந்தால் ஆறியிருக்கும், ஃபாதர். இப்போது இலை சலசலத்தாலும் நெஞ்சு படபடக்கின்றது. நாற்பது ஆண்டுகளாக என்னோடு பேசிய மலையை என்னிடமிருந்து எடுத்துக் கொண்டுவிட்டார்கள்” என்றார். அவர் சொன்னபோது பக்கத்தில் தச்சரும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

அவர் என்ன மறுமொழி தருவார் என்று எண்ணியவாறு நின்றேன். ‘எல்லாரும் அப்படியல்ல’ என்று சொல்லியிருக்கலாம். ‘அவன் எங்கள் குழுவைச் சேர்ந்தவன் அல்லன்’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். அவர் இரண்டையும் சொல்லவில்லை. சற்று நேரம் தலை கவிழ்ந்திருந்துவிட்டு, “அடுத்த சனிக்கிழமை நாங்கள் பாதை செப்பனிடுகின்றோம். நீங்கள் வந்து இதை அப்படியே எங்கள் ஆட்களிடம் சொல்வீர்களா?” என்று கேட்டார். அம்மையார் உடனே இசையவில்லை. இரண்டு வாரம் கழித்தே சம்மதித்தார்.

பாதை செப்பனிடும் அந்த வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒருபுறம் மண்வெட்டி போன்ற தகடும் மறுபுறம் இரும்புப் பற்களும் கொண்ட நீண்ட கருவி, கோடரியும் கொத்தும் ஒன்றாய் அமைந்த இன்னொரு கருவி, இரும்புக் கடப்பாரை ஆகியவற்றோடு காலை எட்டு மணிக்குக் கூடுவர். மலைப்பாதையின் பெரும்பகைவன் நீர். மழைநீர் பாதையின் குறுக்கே வழிந்தோடினால் தீங்கில்லை. பாதையின் நெடுக ஓடத் தொடங்கினால் அதுவே வாய்க்காலாகி மண்ணை அரித்துச் சென்றுவிடும். எனவே பாதையின் வெளிவிளிம்பு உட்புறத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்குமாறு சீவ வேண்டும். இடையிடையே பாதையை இலேசாகத் தாழ்த்தி உயர்த்தி, நீர் அங்கே வெளியேறச் செய்ய வேண்டும். பாதையின் ஏற்றம், அது குறுக்கிடும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் குறுக்கே வழியாமல் பாதையையே வழியாகக் கொண்டுவிடும். எந்தத் தடயமும் விடாமல் நீர் போய்விட்டதென்றால் வேலை செம்மையாக நடந்தது என்று பொருள். அதைச் செய்தவரை எவரும் நினைப்பதில்லை.

மிதிவண்டியே பாதையைக் கெடுக்கின்றதா என்ற வினாவுக்கும் அங்கேதான் நேர்மையான விடை கிடைத்தது. 1994இல் வெளியான ஆய்வு ஒன்று, குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்ததாகக் கண்டது. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அக்குழுவினர் விரும்பவில்லை. பிரேக்கை இறுகப் பிடித்துப் பின்சக்கரத்தை வழுக்கவிடுகின்றவர் மண்ணைச் சீவி எடுக்கின்றார். ஈரம் உலராத பாதையில் ஓட்டுகின்றவர் பதிக்கும் பள்ளம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகின்றது. சேற்றைச் சுற்றிச் செல்கின்றவர் பாதையை அகலமாக்கிப் புல்லையும் அழிக்கின்றார். 1990களின் நடுவில் மரின் பகுதியில் ஓக் மரங்கள் திடீரெனப் பட்டுப்போகத் தொடங்கின. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் சேற்றோடு ஒட்டிக்கொண்டு காலணியிலும் டயரிலும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பயணம் செய்யக் கூடியது. ஆகவே ஓட்டம் முடிந்ததும் சேற்றைத் துடைத்துக் கழுவிய பின்னரே வண்டியை வேறிடம் கொண்டு செல்வர். நம் களிப்பு கண்ணுக்குத் தெரியாமல் எதைச் சுமந்து செல்கின்றது என்று கேட்டுக்கொள்வதும் ஒழுக்கத்தின் ஒரு பகுதியன்றோ?

அந்தச் சனிக்கிழமையன்று அம்மையார் வந்தார். மடக்கு நாற்காலி ஒன்றைத் தச்சர் சுமந்து சென்று மர நிழலில் போட்டார். ஏறத்தாழ இருபது பேர், கையில் கருவிகளோடும் உடையில் மண்ணோடும், அவரைச் சுற்றி நின்றனர். அவர் உரத்துப் பேசவில்லை, குற்றம் சாட்டவுமில்லை. கணவர் உயிரோடு இருந்தபோது இருவரும் நடந்த பாதைகளைப் பற்றிச் சொன்னார். விழுந்த நாளைப் பற்றிச் சொன்னார். இறுதியில், “உங்களைக் காணும்போது எனக்கு அச்சமில்லை, உங்களைக் காணாதபோதுதான் அச்சம்” என்றார். பதினாறு வயதுப் பையன் ஒருவன், எதைக் கேட்டால் அவருக்கு அச்சம் வராது என்று வினவினான். “மணியோசை. பிறகு, ஒரு ‘காலை வணக்கம்’” என்றார் அவர். மரின் மாவட்டத்தில் மிதிவண்டிக் கழகத்தார், மெதுவாகச் சென்று வணக்கம் சொல்லுங்கள் என ஓர் இயக்கமே நடத்தியுள்ளனர். அறிவிப்புப் பலகையில் பலரும் படித்துவிட்டுக் கடந்த அந்தச் சொற்களுக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது.

அதன்பின் அக்குழுவினர் அனைவரின் கைப்பிடியிலும் சிறு மணி ஏறியது. இதைக் கேட்டு, அம்மையார் மகிழ்ந்து மறுநாளே மலையேறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் அந்தப் பாதைக்குத் திரும்பவேயில்லை. சதுப்புநிலக் கரையோரம் அகலமான வேறொரு பாதையைத் தேர்ந்துகொண்டார். சில நாள்களில் தச்சரின் மனைவி துணைக்குச் சென்றார். ஒருமுறை சிதைந்த நம்பிக்கை, மணியோசை கேட்டதும் எழுந்து நிற்பதில்லை. மழைநீர் அரித்த பாதையைச் செப்பனிடுவது போல, அதையும் கூடைகூடையாக மண் சுமந்தே நிரப்ப வேண்டும்.

இப்போது, இறங்குகின்றவர் ஏன் ஏறுகின்றவருக்கு வழிவிட வேண்டும் என்ற வினாவுக்கு வருகின்றேன். காரணம் மிக எளியது. ஏறுகின்றவர் ஒருமுறை நின்றுவிட்டால், செங்குத்தான இடத்தில் மறுபடியும் மிதித்துப் புறப்படுவது அரிது. சேர்த்து வைத்த உந்துவிசை முழுவதும் வீணாகிவிடும். இறங்குகின்றவருக்கோ அந்தத் துன்பமில்லை. நின்றாலும், பிரேக்கை விட்டதும் மலையே அவரை இறக்கிவிடும். அவருடைய வேகம் அவர் உழைப்பால் மட்டும் வந்ததன்று. சரிவு அவருக்கு அளித்த கொடை. எவருக்கு எளிமை கொடையாகத் தரப்பட்டுள்ளதோ, நின்று வழிவிடும் கடமை அவருக்கே உரியது. இது இரக்கம் என்றுகூட அவர்கள் கருதவில்லை. ஒரு கணக்கு என்றே கருதுகின்றனர். நிற்பதால் யாருக்கு இழப்புக் குறைவோ அவர் நிற்கட்டும். இத்தனை தெளிவான சமூக நீதிப் பாடம் ஒரு விளையாட்டின் விதியாக இருப்பதை எண்ணி நான் வியக்கின்றேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறங்குகின்றவர் எல்லாரும் சற்று முன்பு ஏறியவர்களே. ஏறும்போது தொடையில் எரிந்த நெருப்பையும், நெற்றியிலிருந்து கண்ணில் வழிந்த வியர்வையையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் உச்சியில் திரும்பிய மறுகணமே உடல் அதை மறந்துவிடுகின்றது. விதி அவருக்கு நினைவூட்டுவது அந்த மறதியைத்தான்: சற்று முன்பு நீ இப்படித்தான் இருந்தாய். வறுமையிலிருந்து வளமைக்கு வந்த குடும்பங்களும், முதல் தலைமுறையாகப் படித்துப் பதவிக்கு வந்தவர்களும், ஏன், சிற்றூரிலிருந்து குருமடம் சென்று பீடமேறிய எம்மைப் போன்றவர்களும் இந்த நினைவூட்டலை அலட்சியம் செய்ய இயலாது.

எங்கும் செல்லாமல் ஏறி இறங்குவோர் எதைத் தேடுகின்றனர் என்ற வினாவுக்கு அவர்கள் எவரும் எனக்கு நேரே விடை சொல்லவில்லை. ஆனால் களிப்புக்காகக் கூடிய ஒரு கூட்டம், கடைசி ஆளுக்காகக் காத்திருக்கவும், முன்பின் அறியாத ஒருவர் செய்த தீங்குக்குச் செவிசாய்க்கவும், தனக்குப் பெயர் தராத வாய்க்காலை வெட்டவும் கற்றுக்கொண்டதைக் கண்டேன். நம் பங்குகளிலும் களிப்புக்காகவும் ஆர்வத்துக்காகவும் கூடும் குழுக்கள் பல உண்டு. கால்பந்துக் குழு, பாடகர் குழு, ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழு என அவை நீளும். அக்குழுக்களின் வளர்ச்சியை வெற்றிக் கோப்பைகளின் எண்ணிக்கையாலும் வந்தவர்களின் தொகையாலும் நாம் அளந்து வருகின்றோம். அடுத்த முறை அவர்கள் கூடும்போது வேறு இரண்டு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். கடைசியாக வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நின்றீர்களா? வழியில் எதிரே ஏறிவந்தவர் யார், அவருக்காக ஒதுங்கினீர்களா?